ஸ்டெம் இல்லாமல் ரீமிக்ஸ்: ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை 15 நிமிடத்துக்கு மேல் நீட்டிய வழி

சுருதிப்பெட்டி:

டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ (1977) ஆல்பத்தில் 5 நிமிடம் 53 விநாடி ஓடும். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் பாட்ரிக் கௌலி செய்த ரீமிக்ஸ் 15 நிமிடம் 43 விநாடி. அவரிடம் மல்டிடிராக் டேப் (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிந்த நாடா) கிடையாது. மிக்ஸ் முடிந்த ஸ்டீரியோ ஒலியிலிருந்து லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) எடுத்து, அதன்மேல் தன் சின்தசைசரை வாசித்து ஏற்றினார். பல ஆண்டுகள் டிஜேக்களிடம் மட்டும் சுற்றிவிட்டு 1982-ல்தான் அது கடைக்கு வந்தது.

அதே முறையில், ஸ்டெம் (குரல், டிரம்ஸ் போன்ற தனித்தனிப் பகுதிகள்) பிரிக்காமல், ஒரு பயிற்சி ரீமிக்ஸ் செய்வதைப் பற்றிப் பேசலாம். மூன்று கேள்விகள்: டேப்பில் பதிந்த பழைய பாட்டை கிரிட்டில் (மென்பொருளின் சீரான தாளக் கட்டங்களில்) எப்படி உட்கார வைப்பது? பழைய கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் அடி) சேரும்போது புதிய கிக் ஏன் மெலிந்து போகிறது? எந்த இடத்தை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது?

நாடா_வெட்டி:

வெட்டுவதற்கு முன் எதை வெட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். அதனால் முதலில் மூலப்பாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

ம்யூனிக்கில் மியூசிக்லாண்ட் ஸ்டூடியோ. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் தயாரிப்பு. இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனரிடம் இருந்த பெரிய மூக் மாடுலர் சின்தசைசரை வரவழைத்தார்கள், கூடவே அவருடைய உதவியாளர் ராபி வெடெல் வந்தார். டேப்பில் ஒரு டிராக்கை ஒதுக்கி அதில் ஒரு துடிப்பைப் பதிந்து வைத்து, அந்தத் துடிப்பைக் கொண்டே மூக்கின் சீக்வென்சரை (நோட்டுகளை வரிசையாகத் தானே வாசிக்கும் பகுதி) ஓட்டும் உத்தியைக் காட்டியவர் வெடெல்தான். அதனால் எத்தனை முறை பதிந்தாலும் புதிய லேயர் பழையதோடு ஒட்டி நின்றது. சுருதிதான் பிரச்சினை. மூக் சூடாகச் சூடாகச் சுருதி விலகும், ஆகவே 20, 30 விநாடி பதிவது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி பதிவது என்றே போனது.

ஹை-ஹேட்டும் (சிறு ஜால்ரா போன்ற தட்டு) ஸ்நேரும் (சிறு டிரம்) வெள்ளை இரைச்சலை (‘ஸ்ஸ்’ என்ற ஒலி) என்வலப்பால் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வடிவமைக்கும் பகுதி) நறுக்கிச் செய்தவை. கிக் மட்டும் மூக்கில் திருப்தியாக வரவில்லை, கீத் ஃபோர்சி நிஜ டிரம்மில் அடித்தார். ஆக, இயந்திரம் ஓட்டிய பேஸ், மனிதக் கால் அடித்த கிக், இரண்டும் ஒரே பாட்டில் இருக்கின்றன. கிரிட் பிடிக்கும்போது இது முக்கியம்.

கடைசியாக அந்தப் பேஸ். சீக்வென்சர் வாசிப்பது ஒரு பக்கம், அதையே டிலே (எதிரொலிக் கருவி) கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்வது மறுபக்கம். ஹெட்ஃபோனில் ஒரு காதைக் கழற்றிக் கேளுங்கள், பாதி பேஸ் காணாமல் போகும். ஓடுகிற அந்தத் துடிப்பு எந்த ஒரு வாத்தியத்திலும் இல்லை, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கிறது. இதை உடைத்தால் பாட்டே உடையும்.

அலைவரிசை:

டெம்போ கணக்கு என் பங்கு. பாட்டு 127 பிபிஎம்-க்கு (நிமிடத்துக்கு 127 பீட்) அருகில் ஓடுகிறது. 127 என்றே வைத்தால் ஒரு பீட் 472.4 மில்லிசெகண்ட், பதினாறில் ஒரு நோட் 118.1, ஒரு பார் (நான்கு பீட்) 1.89 விநாடி.

மென்பொருள் சொல்லும் பிபிஎம்-ஐ அப்படியே நம்ப வேண்டாம். 0.1 பிபிஎம் பிழை இருந்தால் 5:53 முடியும்போது அரை பீட்டுக்கு மேல் விலகியிருக்கும். ஒரே பாட்டுக்கு வெவ்வேறு வெளியீடுகளில் டேப் ஓடிய வேகமும் நூலளவு வேறுபடும். எனவே உங்கள் கையில் உள்ள கோப்பை நீங்களே அளக்க வேண்டும்: முதல் கிக்கின் தொடக்கத்தைக் குறியுங்கள், 64 பார் தள்ளி வரும் கிக்கைக் குறியுங்கள், இடைப்பட்ட நேரத்தை விநாடியில் எடுங்கள். 64 பார் என்றால் 256 பீட். 256-ஐ 60-ஆல் பெருக்கி அந்த விநாடியால் வகுத்தால் பிபிஎம் மூன்று தசமம் வரை கிடைக்கும்.

பிறகு 8 பாருக்கு ஒரு வார்ப் மார்க்கர் (ஒலியை கிரிட்டோடு பூட்டும் குறி) போதும். ஒவ்வொரு பீட்டுக்கும் மார்க்கர் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. காலால் அடித்த கிக் சில மில்லிசெகண்ட் முன்பின் இருக்கும், அதை இழுத்து நேராக்கினால் அதோடு கலந்திருக்கும் பேஸும் இழுபடும். கிக் நேராகிவிடும், பேஸ் தள்ளாடும். எது பாட்டின் முதுகெலும்பு என்று யோசித்துப் பாருங்கள்.

வேகம் கூட்ட வேண்டுமானால் டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றுவது) வேண்டாம், டர்ன்டேபிள் போலச் சுருதியோடு சேர்த்தே ஏற்றுங்கள். 127-லிருந்து 130-க்குப் போனால் சுருதி சுமார் 40 சென்ட் (அரைச்சுருதிக்கு 100 சென்ட்) ஏறும், அரைச்சுருதியில் பாதிக்கும் குறைவு. குரல் அதைத் தாங்கும். ஸ்ட்ரெச் செய்தால் முதலில் கெடுவது வெள்ளை இரைச்சல் ஹை-ஹேட்தான், தகர டப்பாவைத் தேய்த்தது போல ஆகிவிடும்.

கிக்டிரம்:

அண்ணா, எல்லாம் சரி. ஆனா இது 1978 இல்லையே. டெமுக்ஸ் மாதிரி மென்பொருள் இருக்கு, நாலு ஸ்டெம்மா பிரிச்சுக் குடுத்துடும். டிரம்ஸைத் தூக்கிட்டுப் புதுசு போட்டா வேலை முடிஞ்சது. ஸ்டீரியோவோட ஏன் மல்லுக்கட்டணும்?

நாடா_வெட்டி:

பிரித்துப் பார்க்கலாம் தம்பி, தப்பில்லை. ஆனால் இந்தப் பாட்டில் அது எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் கிட்டார் பேஸ், தோல் டிரம், குரல் கொண்ட பாட்டுகளில் பழகியவை. இங்கே ஹை-ஹேட் என்பதே வடிகட்டிய இரைச்சல், டோனா சம்மர் பாடுவதோ மூச்சு கலந்த மெல்லிய உச்சக்குரல். இரைச்சலும் மூச்சும் 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸில் ஒரே இடத்தில் இருக்கும். குரல் ஸ்டெம்மில் ஹை-ஹேட்டின் நிழல் வரும், டிரம்ஸ் ஸ்டெம்மில் ‘ஸ்’ ஒலிகள் ஒட்டியிருக்கும். பேஸின் அடிப்பகுதி ‘பேஸ்’ ஸ்டெம்முக்கும் மேல்பகுதி ‘மற்றவை’ ஸ்டெம்முக்கும் போய்விடும். அப்புறம் பேஸை மட்டும் கம்ப்ரசரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் இரண்டு பாதியும் வெவ்வேறு மாதிரி அசையும்.

ஒரு சோதனை செய்கிறார்கள்: நாலு ஸ்டெம்மையும் கூட்டி, மூலத்தின் அலையை மேல்கீழாகப் புரட்டிச் சேர்த்து, மௌனம் வந்தால் ‘சுத்தமாகப் பிரிந்துவிட்டது’ என்பது. கூட்டினால் மூலம் கிடைக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். ஒரு ஸ்டெம்மில் போனது இன்னொன்றில் இருந்தாலும் மௌனம் வரும். தனித்தனியாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிக்கும் பேஸும் நிறைந்த மிக்ஸின் அடியில் குரல் ஸ்டெம்மை வைத்தால் இந்தக் குறை பாதி மறையும். வெறும் குரலாக நாலு பார் விட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

யாழ்_ஒலி:

கிக் பற்றின கேள்விக்கு நான் சொல்லுறன். இரண்டு கிக்கையும் சேர்த்தா ஏன் மெலியுது எண்டால், அலை எதிரெதிரா சந்திக்குது. 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். புதுக் கிக் 10 மில்லிசெகண்ட் பிந்தினால் ஒண்டை ஒண்டு தின்னும், 5 மில்லிசெகண்ட் பிந்தினாலே எதிர்பார்த்த கனம் வராது. இஞ்ச பழைய கிக் கால் அடிச்சது, ஒவ்வொரு அடியும் கொஞ்சம் முந்தும் பிந்தும். ஒரு அடிக்கு பொருத்தினால் அடுத்த அடிக்கு பொருந்தாது. முழுப் பாட்டுக்கும் ஒரே நகர்த்தல் போட்டு இதைத் தீர்க்கேலாது.

அதாலை அடியில ஒரு கிக்தான் இருக்கவேணும். மூலத்தில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிவிட்டு அடியைப் புதுக் கிக்கிட்ட குடுக்கலாம். ஆனா அப்ப பேஸின்ர அடியும் போயிடும். பாட்டு சி நோட்டை ஆதாரமா வச்சு நிக்குது, தாழ்ந்த சி (சி2) எண்டால் 65.4 ஹெர்ட்ஸ், நேரா வெட்டுக்குள்ள. எனவே முழுக்க ஹை-பாஸ் (அடியை வெட்டுற வடிகட்டி) போடாமல், புதுக் கிக் அடிக்கிற 80, 100 மில்லிசெகண்டுக்கு மட்டும் அடியைக் குறைக்கிற மாதிரி டைனமிக் ஈக்யூவை (தேவைப்படேக்க மட்டும் ஒரு பட்டையைக் குறைக்கிற வடிகட்டி) கிக்கில இருந்து ஓட்டவேணும். 40 முதல் 90 ஹெர்ட்ஸ் பட்டை, 6 முதல் 8 டெசிபெல் இறக்கம், ரிலீஸ் (பழைய நிலைக்குத் திரும்புற நேரம்) 90 மில்லிசெகண்ட் அளவில. பதினாறில் ஒரு நோட்டான 118 மில்லிசெகண்டுக்குள்ள திரும்பி வராட்டில் அடுத்த பேஸ் நோட் விழுங்கப்படும்.

புதுக் கிக்கை 50 ஹெர்ட்ஸில் விடாமல் சி-க்கு சுருதி சேர்க்கவும். பேஸ் வேற சுருதிக்கு நகரேக்க கிக் சி-யிலேயே நிக்கும், அது பரவாயில்லை, வால் நீளமா இல்லாட்டில் காதுக்குத் தெரியாது. 150 மில்லிசெகண்டுக்குள்ள முடிக்கவும்.

கிக்டிரம்:

சரி, பேஸையே புதுசா வாசிச்சுட்டா? அப்போ மூலத்துல அடியை தைரியமா வெட்டலாம்ல?

அலைவரிசை:

தாராளமாக. ரம்ப அலை ஆசிலேட்டர் ஒன்று, 24 டெசிபெல் லோ-பாஸ் (மேல் ஒலியை வெட்டும் வடிகட்டி), டிகே (ஒலி தேயும் நேரம்) குறுகலாக, சஸ்டெயின் (தேய்ந்தபின் நிலைக்கும் சத்தம்) பூஜ்யம். எட்டில் ஒரு நோட்டாக வாசித்து இடப்பக்க ஸ்பீக்கருக்கு முழுதாகத் தள்ளுங்கள். டிலே 118.1 மில்லிசெகண்ட், வலப்பக்கம், அசலுக்கு இணையான சத்தம்.

ஃபீட்பேக் (எதிரொலியே மறுபடி எதிரொலிக்கும் அளவு) பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஃபீட்பேக் கொஞ்சம் இருந்தாலும் இரண்டாவது எதிரொலி 236 மில்லிசெகண்டில் வரும், அது சரியாக அடுத்த அசல் நோட் விழும் இடம். நோட்டும் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து பேஸ் கொழகொழவென்று ஆகும், பேட்டர்ன் மாறும் இடத்தில் பழைய சுருதி புதிய சுருதியோடு மோதும்.

டிலேயை டெம்போவோடு பூட்டுங்கள், ஆனால் ‘ஸ்விங்’ (இடையடிகளைச் சற்றே பிந்த வைப்பது) எதையும் தொட வேண்டாம். ஷேக்கர், டாம்பரின் சேர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 54 சதவீத ஸ்விங் வைத்தால் ஷேக்கரின் இடையடி 9 மில்லிசெகண்ட் பிந்தும், வலப்பக்க எதிரொலியோடு சேர்ந்து ‘டடக்’ என்று இரட்டை அடியாகக் கேட்கும். இந்தப் பாட்டு கோடு போட்டது போல நேராக ஓடுகிறது, மேலே வருவதும் நேராகவே ஓடட்டும்.

சுருதிப்பெட்டி:

மிக்க நன்றி. புதிய சின்தசைசரைச் சேர்க்கும்போது சுருதி ஒட்டவில்லை என்றால்? டேப் வேகத்தால் மூலம் பொதுச் சுருதியிலிருந்து (ஏ நோட் 440 ஹெர்ட்ஸ்) விலகியிருக்குமே.

அலைவரிசை:

விலகியிருக்கும். குரலில்லாத பாரை லூப்பில் விட்டு, ஒரு சைன் அலையை சி5-ல் (523.25 ஹெர்ட்ஸ்) பிடித்துக்கொண்டே மெல்ல நகர்த்துங்கள். விலகல் இருந்தால் ஒலி அலைமோதும். விநாடிக்கு இரண்டு முறை அலைமோதினால் விலகல் 2 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டத்தட்ட 6.6 சென்ட். அலைமோதல் நிற்கும் இடத்தைக் குறித்து, அந்த எண்ணை உங்கள் சின்தசைசர்கள் எல்லாவற்றின் மாஸ்டர் டியூனிலும் போடுங்கள். மூலத்தைச் சுருதி மாற்றாதீர்கள். பாட்டுக்குள்ளேயே துண்டுக்குத் துண்டு விலகல் வேறுபடும் (20, 30 விநாடியாகப் பதிந்தது நினைவிருக்கட்டும்), அதனால் எந்தப் பகுதியின் மேல் வாசிக்கப் போகிறீர்களோ அந்தப் பகுதியில் அளந்துகொள்ளுங்கள்.

நாடா_வெட்டி:

எங்கே நீட்டுவது என்பதற்கு வருகிறேன். என் பார்வையில் ரீமிக்ஸ் கலை இருப்பது இங்கேதான், மற்றதெல்லாம் தச்சுவேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5:53 என்பது 187 பார் அளவு. 15:43 என்பது சுமார் 500 பார். முன்னூறுக்கும் அதிகமான பார்கள் மூலத்தில் இல்லாத இடத்திலிருந்து வந்திருக்கின்றன. பாட்டின் வரிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மூன்றாவது சுற்றில் கேட்பவர் சலித்துவிடுவார். கௌலி நீட்டியது வரிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை. பேஸ் தனியே ஓடுகிறது, அதன்மேல் அவருடைய சின்தசைசர் ஏறி, சிணுங்கி, சுழன்று, விலகுகிறது. குரலை நெடுநேரம் காக்க வைக்கிறார். அது திரும்ப வரும்போது முன்பு கேட்ட அதே குரல்தான், ஆனால் காத்திருந்ததால் வேறாகக் கேட்கிறது.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1976-ல் டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் 9 நிமிடத்துக்கு மேல் நீட்டினார். பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் 12 இன்ச் சிங்கிள் என்று சொல்லப்படுவது அதுதான். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி அதற்கும் முன்பே மிக்ஸிங் டெஸ்கில் குரலை இழுத்துக் கீழே போட்டு, வெறும் பேஸும் டிரம்மும் எதிரொலியும் கொண்டு பாட்டைப் புதிதாக்கிக் காட்டிவிட்டார். கழித்துப் புதிதாக்குவது அவர் வழி. டெஸ்கில் டிராக்குகள் பிரிந்து கிடந்தால்தான் அது நடக்கும். கௌலிக்குக் கழிக்க வழியில்லை, கூட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம்தான் அவர் ரீமிக்ஸின் உருவத்தைத் தீர்மானித்தது என்பேன்.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

குரலும் அதன் ரிவெர்ப் வாலும் இல்லாத 4 அல்லது 8 பார் தேடுங்கள். குரல் நின்ற உடனே வரும் பார் வேண்டாம், வால் ஒட்டியிருக்கும். லூப் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு மூச்சு ‘ஹா’ என்று தலைகாட்டும். பார் கோட்டில்தான் வெட்ட வேண்டும், கிக்கின் தொடக்கத்துக்கு 2, 3 மில்லிசெகண்ட் முன்னால். கடைசி பேஸ் நோட்டின் எதிரொலி பதினாறாவது இடத்தில் விழுந்து அதே பாருக்குள் முடிந்துவிடுவதால் அங்கே வெட்டு சுத்தமாக இருக்கும். பாருக்கு நடுவே, நோட்டுக்கும் எதிரொலிக்கும் இடையில் வெட்டினால், வலப்பக்கம் தாயில்லாத எதிரொலி ஒன்று தொங்கும்.

ஒட்டும் இடத்தில் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது ஏறுவது) 5 மில்லிசெகண்ட், நேர்கோட்டு வகை. ஒரே மாதிரி ஒலிகள் சேரும் இடத்தில் ‘ஈக்வல் பவர்’ வளைவு போட்டால் நடுவில் 3 டெசிபெல் வரை துள்ளும்.

டேப்பில் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு: விநாடிக்கு 15 இன்ச் வேகத்தில் ஒரு பார் 28.3 இன்ச், 4 பார் 9 அடிக்கு மேல். மைக் ஸ்டாண்டைச் சுற்றி விட வேண்டியிருக்கும், இழுவிசை சீராக இல்லாவிட்டால் சுருதி ஆடும். 45 பாகையில் சாய்வாக வெட்டினால் ஒட்டு கேட்காது.

யாழ்_ஒலி:

இதோட ஒண்டு சேர்க்கிறன். ஒரே 4 பாரை 16 தடவை விட்டால் காது கண்டுபிடிச்சிடும், ஏனெண்டால் காலால் அடிச்ச கிக்கின்ர அதே சிறு பிசகு 4 பாருக்கொருக்கா வரும். இரண்டு வேற இடத்தில் இருந்து 4, 4 பாரா எடுத்து ஏ, பி, ஏ, ஏ, பி எண்டு ஒழுங்கில்லாமல் மாத்தி விடவும்.

சுருதிப்பெட்டி:

பெரிய ஸ்பீக்கரில், இரு பக்கமும் ஒன்றாகக் கலந்து மோனோவில் ஓடும்போது, இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரிந்த அந்தப் பேஸ் என்ன ஆகும்?

அலைவரிசை:

அழியாது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வருவதால் ஒன்றையொன்று ரத்து செய்யாது, நடுவில் பதினாறு நோட்டாகக் கேட்கும். அகலம் மட்டும் போகும். பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது: ஸ்டீரியோவில் ஓடும் பெரிய கூடத்தில் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பவருக்குப் பாதி பேஸ்தான் கிடைக்கும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்கி, மேலே மட்டும் இடம்-வலம் விட்டால் இரு பக்கமும் சமாதானம் ஆகும். வினைலுக்கும் இது அவசியம். ஒரு பக்கம் மட்டும் ஆழமான பேஸ் இருந்தால் பள்ளம் மேல்கீழாக ஆடும், ஊசி துள்ளும்.

வினைல் பேச்சு வந்ததால்: 12 இன்ச் ஏன் வந்தது என்பதற்கு ரீமிக்ஸ் கலைஞர் டாம் மோல்டன் கதை ஒன்றே போதும். 7 இன்ச் வெற்றுத் தட்டு கையிருப்பில் இல்லாமல் ஒரு பாட்டை 10 இன்ச்சில் வெட்டினார்கள். பாட்டு சிறு வளையமாகக் கிடந்ததால் பள்ளங்களை விரித்து, சத்தத்தை ஏற்றி வெட்டிப் பார்த்தார்கள். பேஸ் வந்து நின்றது. இன்றைக்கும் அதே இயற்பியல்தான்: நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் கனமாக வெட்ட ஒரு பக்கத்துக்கு 9, 10 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். 15 நிமிடம் வேண்டுமானால் 33-க்கு இறங்கி, சத்தத்தையும் இறக்க வேண்டும்.

பதிவுரிமை_பார்வை:

பயிற்சி என்று சொன்னதால் விட்டுவிடலாம், ஆனால் யாராவது இதைப் படித்துவிட்டு இணையத்தில் ஏற்றுவதற்கு முன்: ஒலிப்பதிவு உரிமை வேறு, பாட்டின் உரிமை வேறு, இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 31சி பிரிவு கவர் பாட்டுகளுக்கானது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், புதிதாகப் பாடிப் பதிய வேண்டும். அடுத்தவர் ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட அது அனுமதி தராது. பேஸை நீங்களே வாசித்தால் ஒலிப்பதிவு உரிமைச் சிக்கல் குறையும், பாட்டின் உரிமை அப்படியே நிற்கும்.

கிக்டிரம்:

ஒத்துக்கறேன், ஸ்டீரியோவை முழுசா வச்சுக்கிட்டு மேல கட்டறது இந்தப் பாட்டுக்குச் சரியா வரும். கடைசியா ஒண்ணு: குரல் திரும்பி வர்ற இடத்துல புது கிக், புது பேஸ் எல்லாம் ஓடிட்டிருக்கும்போது மூலம் உள்ள வந்தா சத்தம் திடீர்னு எகிறுது. எப்படிச் சமாளிக்கறது?

நாடா_வெட்டி:

மூலத்தை அந்த இடத்தில் உள்ளே கொண்டு வராதே தம்பி. குரல் வருவதற்கு 16 பார் (அரை நிமிடம்) முன்னாலேயே, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய நிலையில் மெல்லத் திறந்துவிடு. முதலில் ஹை-ஹேட் மட்டும் எட்டிப் பார்க்கும். கடைசி 4 பாரில் வெட்டை 400-லிருந்து 90-க்கு இறக்கு, அதே 4 பாரில் உன் பேஸை லோ-பாஸால் மூடிக்கொண்டே போ. கடைசி ஒரு பாரில் உன் கிக்கை நிறுத்திவிடு. அந்த 1.89 விநாடி மூலத்தின் கிக் மட்டும் கேட்கும். முதல் வரி விழுகிற பீட்டில் உன் கிக்கைத் திரும்ப வை, இரண்டு டெசிபெல் குறைத்து.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபெலில் இருக்கட்டும், 24 பிட் வேவ், மாஸ்டரில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சியை அமுக்கும் கருவி) இல்லாமல். மூலம் ஏற்கெனவே ஒருமுறை அமுக்கப்பட்டது. உன் மிக்ஸில் இன்னொரு லிமிட்டர் ஏறினால் முதலில் காணாமல் போவது வலப்பக்க எதிரொலியின் கூர்மைதான்.